சுவிசேஷம்தான் தெரியுமே, அடுத்த பாடம் எப்போது?

ஞானஸ்நானம் எடுத்துப் பதினோரு வருஷம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் சபைக்குப் புதிதாக வந்த போதகர் எதை எடுத்தாலும் 'சுவிசேஷமே மையம்' என்கிறார், உங்களுக்கு அலுத்துவிட்டது. சுவிசேஷத்தை வெளியில் இருப்பவர்களுக்குச் சொல்லட்டும், உள்ளே இருக்கிற எங்களுக்கு அடுத்த பாடத்தை எடுக்கக் கூடாதா என்பது உங்கள் கேள்வி. எபிரெயர் 6:1-ஐயும் துணைக்கு அழைத்திருக்கிறீர்கள்: மூல உபதேசங்களை விட்டுப் பூரணராகும்படி கடந்துபோவோம் என்று வேதமே சொல்லவில்லையா என்று. அப்புறம் கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி: 'இத்தனை வருஷத்துக்குப் பிறகும் பிள்ளைகளிடம் கத்துவது நிற்கவில்லை, கத்தின நாளில் ஜெபிக்க உட்காரவே கூச்சமாக இருக்கிறது.' அந்த வரிக்கு நீங்கள் பதில் கேட்கவில்லை. ஆனால் எனக்கென்னவோ இரண்டும் ஒரே கேள்வி என்றுதான் தோன்றுகிறது.

என்னைப் பற்றி இரண்டு வரி. இறையியல் கல்லூரியில் படித்துவிட்டு, இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக வேதபாடம் எடுத்துக்கொண்டும் பிரசங்கித்துக்கொண்டும் இருப்பவன். புராட்டஸ்டண்ட் மரபில் வளர்ந்தவன் என்பதால் என் பதில் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். கத்தோலிக்கரோ ஆர்த்தடாக்ஸ் சபையைச் சேர்ந்தவரோ சில இடங்களில் வேறு மாதிரி சொல்வார்கள். உங்கள் போதகரின் பிரசங்கத்தை நான் கேட்டதில்லை. அதனால் அவருக்கு ஆதரவாகவோ எதிராகவோ தீர்ப்புச் சொல்லப் போவதில்லை.

முதலில் 'சுவிசேஷம் தெரியும்' என்கிறீர்களே, அதை எடுத்துக்கொள்வோம். சு என்றால் நல்லது, விசேஷம் என்றால் செய்தி. வழியில் பார்த்தவர் 'என்ன விசேஷம்?' என்று கேட்டால் 'காலையில் சீக்கிரம் எழுந்திருங்கள், உடம்புக்கு நல்லது' என்று யாரும் பதில் சொல்வதில்லை. என்ன நடந்தது என்றுதான் சொல்வோம். கிரேக்க மூலத்தில் இருக்கிற சொல்லுக்கும் இதே ருசி உண்டு. கி.மு. 9-ல் பிரியேனே என்ற பட்டணத்தில் வெட்டின ஒரு கல்வெட்டு, அகஸ்து இராயனின் பிறந்தநாளை உலகத்துக்கு வந்த நற்செய்திகளின் தொடக்கம் என்று புகழ்கிறது. அதே சொல்லை எடுத்து, ரோம ஆட்சி சிலுவையில் அறைந்து கொன்ற ஒருவரைப் பற்றி அப்போஸ்தலர் பேசினார்கள். அந்தக் காலத்தில் அதைக் கேட்டவர்களுக்கு எவ்வளவு விபரீதமாக இருந்திருக்கும்!

அந்தச் செய்தியின் உள்ளடக்கம் என்ன என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. 1 கொரிந்தியர் 15-ல் பவுல் அதை எழுதியே வைத்திருக்கிறார்: 'நான் அடைந்ததும் உங்களுக்குப் பிரதானமாக ஒப்புவித்ததும் என்னவென்றால்' என்று தொடங்கி, கிறிஸ்து வேதவாக்கியங்களின்படி நம்முடைய பாவங்களுக்காக மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம்நாளில் உயிர்த்தெழுந்தார், பலருக்குத் தரிசனமானார் என்கிறார். கடிதம் எழுதப்பட்டது கி.பி. 55 வாக்கில். சிலுவை மரணம் 30-லோ 33-லோ நடந்தது. இருபத்தைந்து வருஷத்துக்குள், பவுல் தனக்கு முந்தினவர்களிடம் பெற்றுக்கொண்டதாகவே சொல்கிற வாசகம் இது. இதில் நாம் செய்ய வேண்டியது என்று ஒரு வினைச்சொல்கூட இல்லை. மனந்திரும்புதலும் விசுவாசமும் இதற்கு நாம் கொடுக்கிற பதில். பதிலும் அவசியம்தான், ஆனால் அது செய்தி ஆகிவிடாது. 'பிரதானமாக' என்ற சொல்லையும் கவனியுங்கள். பவுல் வேறு விஷயங்கள் பேசாதவர் இல்லை. அதே கடிதத்தில் வழக்கு, திருமணம், விக்கிரகத்துக்குப் படைத்தது, அந்நியபாஷை என்று எல்லாமே வருகிறது. எல்லாவற்றிலும் ஒன்று பிரதானம் என்கிறார், அவ்வளவுதான்.

சரி, எபிரெயர் 6:1. நல்ல வசனத்தைத்தான் பிடித்திருக்கிறீர்கள். ஆனால் 'கடந்துபோவோமாக' என்று சொன்னவர் எங்கே போனார் என்று பார்த்தீர்களா? பால் குடிக்கிறவர்களாகவே இருக்கிறீர்களே என்று 5-ஆம் அதிகாரத்தில் கடிந்துகொண்டு, 6-ஆம் அதிகாரத்தில் பூரணத்துக்குப் போவோம் என்று கிளம்பி, 7 முதல் 10 வரை நான்கு அதிகாரம் அவர் பேசுவது கிறிஸ்துவின் ஆசாரியத்துவம், அவருடைய இரத்தம், அவருடைய பலி. அந்தப் பகுதியில் 'ஒரேதரம்' என்ற சொல் 7:27, 9:12, 9:28, 10:10 என்று சுற்றிச் சுற்றி வருகிறது. பலமான ஆகாரம் என்று அவர் பரிமாறுவது இதைத்தான். சுவிசேஷத்தை முடித்துவிட்டு வேறு பாடத்துக்குப் போகவில்லை. அதே சிலுவையை, லேவியராகமத்தின் பலிகளையும், ஆபிரகாம் காலத்து ஆசாரிய ராஜாவான மெல்கிசேதேக்கையும் வைத்து, புதிதாக வந்தவருக்குப் புரியாத ஆழத்தில் தோண்டுகிறார். இந்தக் கடிதம் கிடைத்தவர்கள் புதிய விசுவாசிகள் இல்லை; இந்நேரம் போதகராகியிருக்க வேண்டியவர்கள் என்று அவரே சொல்கிறார்.

அந்த நான்கு அதிகாரத்தில் ஒரே ஒரு இடத்தைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். 10:11-ல் ஆசாரியன் நாள்தோறும் ஒரேவிதமான பலிகளைச் செலுத்திக்கொண்டு 'நிற்பான்'. அடுத்த வசனத்தில் இவரோ ஒரே பலியைச் செலுத்தி 'உட்கார்ந்தார்'. இஸ்ரவேலர் வனாந்தரத்தில் ஆராதித்த ஆசரிப்புக் கூடாரத்தின் சாமான்களை யாத்திராகமம் விவரமாகச் சொல்கிறது: பெட்டி, மேஜை, குத்துவிளக்கு, தூபபீடம், பலிபீடம், தொட்டி. ஆசாரியன் உட்கார ஓர் இருக்கை அந்தப் பட்டியலில் இல்லை. (கிருபாசனம் இருக்கிறதே என்பீர்கள். பெயரில்தான் ஆசனம், அது பெட்டியின் மேல்மூடி.) வேலை முடியாதவன் நிற்கிறான், முடித்தவர் உட்காருகிறார். இதிலிருந்து எழுதியவர் எடுக்கிற முடிவு எது தெரியுமா? 10:19 தொடங்கி: பரிசுத்த ஸ்தலத்துக்குள் போக நமக்குத் தைரியம் இருக்கிறது, கிட்டச் சேருவோம். கத்தின நாளில் ஜெபிக்கக் கூச்சமாக இருக்கிறது என்று நீங்கள் எழுதினீர்களே, அதற்கான மருந்து நீங்கள் கேட்ட அந்த 'அடுத்த பாடத்தில்'தான் இருக்கிறது.

விசுவாசிகளுக்கும் சுவிசேஷம் தேவை என்பது எபிரெயரின் தனிக்கருத்து ஒன்றும் இல்லை. ரோமர் 1:15-ல் ரோமாபுரியில் இருக்கிற உங்களுக்கும் சுவிசேஷத்தைப் பிரசங்கிக்க ஆசையாயிருக்கிறேன் என்கிறார் பவுல். யாருக்கு எழுதுகிறார்? சில வசனங்களுக்கு முன்னால்தான் அவர்களுடைய விசுவாசம் உலகமெங்கும் பேசப்படுகிறது என்று ஸ்தோத்திரம் பண்ணினார். எபேசியரில் முதல் மூன்று அதிகாரத்தையும் சலித்துப் பார்த்தால் கட்டளையாக வருவது ஒரே ஒரு வினைச்சொல், 2:11-ல் 'நினைத்துக்கொள்ளுங்கள்'. செய்யுங்கள், செய்யாதிருங்கள் என்பதெல்லாம் 4:1-ல் 'ஆதலால்' என்று சொன்ன பிறகுதான் கொட்டுகிறது: பொய் சொல்லாதே, திருடாதே, கோபத்தோடு சூரியன் அஸ்தமிக்க விடாதே. ரோமரிலும் அப்படியே, பதினோரு அதிகாரம் முடிந்து 12:1-ல் 'அப்படியிருக்க, சகோதரரே'. வகுப்பில் நான் மாணவர்களிடம் சொல்வது: ஆதலாலுக்குப் பின்னால் இருப்பதை மட்டும் வெட்டி எடுத்துப் பிரசங்கித்தால் ஒரு வரிகூட வேதத்துக்கு மாறாகப் பேசியிருக்க மாட்டீர்கள், ஆனாலும் கேட்டவர் தலையில் சுமையை ஏற்றி அனுப்பியிருப்பீர்கள்.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை வந்தது என் சொந்தத் தவறிலிருந்து. ஊழியத்தில் சில வருஷம் போன பிறகு ஒரு விடுமுறையில் என் பழைய பிரசங்க நோட்டுகளை எடுத்து, கையில் ஒரு சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். தேவன் செய்தார் என்று வருகிற வாக்கியங்களுக்குக் கீழே நேர்கோடு, நீ செய்ய வேண்டும் என்று வருகிற வாக்கியங்களுக்குக் கீழே வளைகோடு. பக்கத்துக்குப் பக்கம் வளைகோடாகவே போனது. கடைசிப் பக்கத்தில் மட்டும், ஜெபத்துக்கு முன்னால், ஒட்டுப்போட்ட மாதிரி இரண்டு வரி சிலுவை. தாவீது கோலியாத் பிரசங்கம் ஒன்று இருந்தது. ஐந்து கூழாங்கல்லுக்கு ஐந்து குணம் வைத்திருந்தேன்: விசுவாசம், ஜெபம், தைரியம் என்று போகும், ஐந்தாவது கல் என்ன என்று எனக்கே இப்போது ஞாபகம் இல்லை. கேட்டவர்கள் அன்றைக்குப் பாராட்டினார்கள். ஆனால் 1 சாமுவேல் 17-ல் சாதாரண இஸ்ரவேலன் எங்கே நிற்கிறான்? பள்ளத்தாக்கின் இந்தப் பக்கம், பயந்துபோய், நாற்பது நாளாக. அவனுக்காக ஒருவன் இறங்கிப் போய் ஜெயிக்கிறான். அந்த ஜெயம் தங்களுடையது ஆனதும் அவர்கள் ஆர்ப்பரித்து எழும்பித் துரத்துகிறார்கள். நான் கேட்டவர்களை நேராகத் தாவீதின் இடத்தில் நிறுத்திவிட்டேன். கோலியாத்தை வீழ்த்த முடியாத வாரங்களில் அவர்கள் என்ன ஆனார்கள் என்று யோசிக்கவே இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கையும் வேண்டும், ஏனென்றால் இந்த ஞானம் வந்த புதிதில் நான் மறுகோடிக்கு ஓடினேன். பழைய ஏற்பாட்டின் ஒவ்வொரு கயிற்றிலும் ஒவ்வொரு மரத்துண்டிலும் சிலுவையைக் கண்டுபிடித்தேன். அதுவும் சரியில்லை. பழைய ஏற்பாட்டுச் சம்பவங்களை நமக்குப் பாடமாகவே பவுல் 1 கொரிந்தியர் 10-ல் எடுத்துக்காட்டுகிறார், யாக்கோபு எலியாவின் ஜெபத்தை முன்மாதிரியாக வைக்கிறார். ஆகவே 'தாவீதைப் போல் தைரியமாயிரு' என்று சொல்வதே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். எந்தக் கதையை எந்த அளவுக்குக் கிறிஸ்துவோடு நேராக இணைக்கலாம் என்பதில் நல்ல வேத அறிஞர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. எனக்கு உறுதியாகத் தெரிகிற அளவுகோல் சின்னதுதான்: இயேசு மரிக்கவும் உயிர்க்கவும் இல்லை என்று வைத்துக்கொண்டாலும் ஒரு வார்த்தை மாற்றாமல் பிரசங்கிக்க முடிகிற பிரசங்கத்தில் எங்கோ கோளாறு இருக்கிறது.

உங்கள் அலுப்பிலும் நியாயம் இருக்கலாம். ஒவ்வொரு வாரமும் எந்த வேதபகுதியை எடுத்தாலும் கடைசியில் அதே நான்கு வாக்கியத்தைச் சொல்லி முடித்துவிட்டு, 'நாங்கள் சுவிசேஷத்தை மையமாக வைத்திருக்கிறோம்' என்றால், அது மையம் ஆகாது, வாலாக ஒட்டவைத்தது. எபேசுவின் மூப்பர்களிடம் விடைபெறும்போது, தேவனுடைய ஆலோசனையில் ஒன்றையும் மறைத்துவைக்கவில்லை என்று பவுல் சொல்கிறார், அப்போஸ்தலர் 20:27. நீதிமொழிகளையும் ஆமோசையும் வெளிப்படுத்தலையும் அதனதன் குரலில் பேசவிட வேண்டும். 'சுவிசேஷமே மையம்' என்பதே ஒரு கோஷமாகி, அதைச் சொல்லாத சபைகளை மட்டம் தட்டுகிற ஆயுதமாவதையும் பார்த்திருக்கிறேன். கிருபையைப் பற்றிப் பெருமையடிப்பதைப் போல வேடிக்கை வேறு இல்லை.

இனி உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். காலையில் பிள்ளையிடம் கத்துகிறீர்கள். மனசு குத்துகிறது. ஜெபிக்க மனம் வரவில்லை. மறுநாள் கத்தாமல் தாக்குப்பிடிக்கிறீர்கள், அதற்கு மறுநாளும். மூன்றாம் நாள் கொஞ்சம் தெம்பு வந்து, வேதத்தை எடுத்துக்கொண்டு முழங்காலில் நிற்கிறீர்கள். நடுவில் போன இரண்டு நாளுக்கு என்ன பெயர்? பிராயச்சித்தம். நம் மரபில் அந்தச் சொல்லை வாயால் சொல்ல மாட்டோம், ஆனால் காலண்டரில் அனுஷ்டித்துக்கொண்டிருக்கிறோம். நீங்கள் மனசறிந்து அப்படி நினைப்பதாக நான் சொல்லவில்லை. நானும் வருஷக்கணக்கில் இதைச் செய்தவன், செய்கிறேன் என்று தெரியாமலே. பரீட்சையில் கேட்டால் 'கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு' என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருப்பேன். 'ஆவியினாலே ஆரம்பம்பண்ணின நீங்கள் இப்பொழுது மாம்சத்தினாலே முடிவுபெறப்போகிறீர்களோ' என்று கலாத்தியரைப் பவுல் கேட்டது இந்த இரண்டு நாளைப் பற்றித்தான்.

இது உங்களுக்கு மட்டும் வந்த நோய் என்று நினைத்துவிடாதீர்கள். 1717-ல் ஸ்காட்லாந்து திருச்சபையில் ஓர் உள்ளூர் மூப்பர் குழு, கிறிஸ்துவிடம் வருவதற்கு முன் நாம் பாவத்தை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும் என்று போதிப்பது சரியல்ல என்ற வாசகத்துக்கு, ஊழியத்துக்கு வருபவர்களின் சம்மதத்தைக் கேட்டது. திருச்சபையின் பொதுப்பேரவை அந்த வாசகத்தைக் கண்டித்தது. அது பாவத்துக்கு உரிமம் கொடுப்பதுபோல் கேட்டது. வாசகம் நன்றாக அமையவில்லை, ஆனால் உண்மை என்று நினைத்தார் தாமஸ் பாஸ்டன் என்ற போதகர். இதே போக்கில் பேசின ஒரு புத்தகத்தைப் பேரவை பின்னால் கண்டித்தபோது, அவரும் சேர்ந்து பன்னிரண்டு ஊழியர்கள் பேரவையையே எதிர்த்து மனு கொடுத்தார்கள், சண்டை பல வருஷம் நடந்தது. விசுவாச அறிக்கையில் ஒரு எழுத்துகூட மாறாத ஒரு சபை, தாளில் கிருபையை வைத்துக்கொண்டே, வாசலில் தகுதிச்சீட்டுக் கேட்டது. புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த லூத்தர் 1517-ல் எழுதின 95 வாசகங்களில் முதலாவதே, விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பது. இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். மனந்திரும்புதல் வாசலில் கட்டுகிற நுழைவுக்கட்டணம் இல்லை. உள்ளே வந்தவர் தினமும் விடுகிற மூச்சு.

அப்படியானால் கத்துவதை நிறுத்த முயற்சியே வேண்டாமா? வேண்டும். தீத்து 2:11-12-ல் தேவகிருபை நமக்குப் போதிக்கிறது என்று இருக்கிறது. மன்னித்துவிட்டு அனுப்பிவிடுகிற கிருபை இல்லை, பக்கத்தில் உட்காரவைத்துப் பாடம் சொல்லுகிற கிருபை. பிலிப்பியர் 2-ல் உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள் என்றும், உங்களில் செய்கை உண்டாக்குகிறவர் தேவனே என்றும் ஒரே மூச்சில் வருகிறது. இரண்டில் எதை விட்டாலும் கதை கெட்டுவிடும். கோபத்தைப் பொறுத்தவரை இன்னொன்று: தூக்கமின்மை, உடல்நலக் குறைவு, மன அழுத்தம் இவையெல்லாம் அதற்குப் பின்னால் இருக்கலாம். அது என் துறை இல்லை. நல்ல மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ போவது விசுவாசக் குறைவு ஆகாது. சுவிசேஷத்தைச் சரியாகப் புரிந்துகொண்டால் கோபம் தானாகப் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சபையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சபையில் சுவிசேஷம் மையமாக இருக்கிறதா என்பது பிரசங்க மேடையில் மட்டும் தெரிகிற விஷயமில்லை. கலாத்தியர் 2-ல் அந்தியோகியாவில் பேதுரு எந்த உபதேசத்தையும் மறுக்கவில்லை. புறஜாதி விசுவாசிகளோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் மெல்லப் பந்தியிலிருந்து விலகிக்கொண்டார். அவ்வளவுதான். பவுல் அதைச் 'சுவிசேஷத்தின் சத்தியத்திற்கேற்றபடி' நடக்காதது என்று எல்லோருக்கும் முன்பாகச் சொன்னார். உபதேசம் முழுக்கச் சரியாக இருந்துகொண்டே, யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்பதில் சுவிசேஷத்தை மறுக்க முடியும். பொன்மோதிரக்காரனுக்கு நல்ல இடம், ஏழைக்குப் பாதபடியண்டை என்று யாக்கோபு 2-ல் வருவதும் இதே வியாதி. காணிக்கையிலும் தெரியும். கொரிந்து சபையிடம் பணம் கேட்க வேண்டிய நிலையில் பவுல் கை வைத்த இடம் 2 கொரிந்தியர் 8:9, அவர் ஐசுவரியமுள்ளவராயிருந்தும் உங்கள்நிமித்தம் தரித்திரரானார் என்பது. கொடுத்தால் நூறத்தனையாகத் திரும்ப வரும் என்று ஆசை காட்டி வாங்குகிற சபையில் வசூல் அதிகமாக இருக்கலாம், ஆனால் அங்கே சிலுவைக்கு வேலை இல்லை.

செய்யக்கூடியது எது என்றால், எனக்கு அதிக நம்பிக்கை தருவது திருவிருந்துதான். போதகர் அன்றைக்கு எவ்வளவு சொதப்பினாலும், அப்பமும் பாத்திரமும் 'கர்த்தருடைய மரணத்தைத் தெரிவிக்கிறீர்கள்' என்ற வேலையைச் செய்துவிடும். ஜெனீவாவில் சீர்திருத்தவாதி கால்வின் அதை வாராவாரம் நடத்த விரும்பினார். நகரசபை ஒத்துக்கொள்ளாமல் 1541-ல் வருஷத்துக்கு நான்கு முறை என்று முடிவானது. எத்தனை முறை என்பதற்குக் கட்டளை இல்லை, அதைப் பற்றி நான் சண்டை போட மாட்டேன். ஆனால் ஆராதனை நீண்டுபோனால் எதை முதலில் சுருக்குகிறார்கள், திருவிருந்தையா அறிவிப்புகளையா என்று கவனித்துப் பாருங்கள். அதே மாதிரி, மேடையில் சொல்லப்படுகிற சாட்சிகளில் இன்னும் போராடிக்கொண்டிருக்கிற ஒருவருக்கு இடம் உண்டா, ஜெயித்து முடித்தவர்களுக்கு மட்டுந்தானா என்பதும் நிறையச் சொல்லும்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைச் சொல்லாமல் விட்டதால் வந்த சேதத்தை நேரில் கண்டிருக்கிறேன். 'நாம் சுவிசேஷத்தின் ஜனம், மன்னித்துவிடு' என்று சொல்லி, துன்புறுத்தப்பட்டவரின் வாயை அடைப்பது சுவிசேஷம் இல்லை. நான் அறிந்த ஒரு சபையில் பணத்தில் கை வைத்த ஒருவரை 'கிருபையாக' அதே பொறுப்பில் மறுபடி உட்காரவைத்தார்கள்; கேள்வி கேட்டவர்கள் மன்னிக்கத் தெரியாதவர்கள் ஆகிவிட்டார்கள். பாவத்துக்கு விலை இவ்வளவு பெரியது என்று சிலுவை சொல்லும்போது, பாவத்தைச் சின்னதாக்க அதையே பயன்படுத்துவது எப்படி? மன்னிப்பு வேறு, மறுபடி நம்பிப் பொறுப்பைக் கொடுப்பது வேறு. குற்றம் என்றால் அது காவல்துறைக்குப் போக வேண்டும். ரோமர் 13-ல் அதிகாரம் உள்ளவர்களுக்கு ஒரு வேலை கொடுக்கப்பட்டிருக்கிறது.

உறுதியாகச் சொல்ல முடியாத இடங்களும் உண்டு. சுவிசேஷத்தின் எல்லை எதுவரை என்பது அதில் பெரியது. மாற்கு 1:15-ல் இயேசு தேவனுடைய ராஜ்யம் சமீபம் என்று அறிவித்தார். பவுல் நீதிமானாக்கப்படுதலை, அதாவது தேவன் பாவியை நீதிமான் என்று ஏற்றுக்கொள்வதை, அதிகம் பேசுகிறார். ஏழைகளுக்கு நியாயம் கிடைக்கப் பாடுபடுவது சுவிசேஷத்தின் பகுதியா, அதன் பலனா? 1974-ல் சுவிட்சர்லாந்தின் லோசானில் உலக சுவிசேஷ மாநாட்டுக்கு 150 நாடுகளிலிருந்து கூடினவர்கள் இதோடு மல்லுக்கட்டித்தான், சுவிசேஷ அறிவிப்பு, சமூகப் பொறுப்பு இரண்டும் கிறிஸ்தவக் கடமை என்று உடன்படிக்கையில் எழுதினார்கள். சபையின் ஊழியத்தில் முதலிடம் அறிவிப்புக்கு என்றும் அதிலேயே இருக்கிறது. அந்த வரிசை சரிதானா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. என் கருத்து பலன் என்ற பக்கம் சாய்கிறது, ஆனால் பலன் இல்லாத மரத்தைப் பற்றி இயேசு சொன்னதை நினைத்தால் அந்த வேறுபாட்டை வைத்து யாரும் நிம்மதியாகத் தூங்க முடியாது. கட்டளைகளை எந்த இடத்தில் வைத்துப் போதிப்பது என்பதும் அப்படித்தான். கேள்வி-பதிலாக உபதேசம் சொல்லும் நூலான லூத்தரின் 1529 சிறு வினாவிடை பத்துக் கட்டளையில் தொடங்கி அப்புறம் விசுவாசப் பிரமாணத்துக்கு வருகிறது: முதலில் நோயைக் காட்டுவது. 1563-ல் வந்த ஹைடல்பெர்க் வினாவிடை பத்துக் கட்டளையைக் கடைசிப் பகுதியில், நன்றியுணர்வு என்ற தலைப்பில் வைக்கிறது. இரண்டுமே சுவிசேஷத்தை நேசித்தவர்கள் செய்தது. நான் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும்போது இரண்டாவதைப் பின்பற்றுகிறேன், ஆனால் தன் பாவமே தெரியாத ஆளிடம் பேசும்போது லூத்தர் சொன்ன வரிசைதான் கைகொடுக்கிறது.

உங்களுக்கு நான் சொல்வது இரண்டு. உங்கள் போதகரிடம் புகாராக இல்லாமல் வேண்டுகோளாகவே போய்க் கேளுங்கள்: 'எபிரெயர் 5 முதல் 10 வரை எங்களுக்கு வரிசையாக எடுப்பீர்களா?' அவர் உண்மையிலேயே சுவிசேஷத்தில் ஊறினவராக இருந்தால் அந்தக் கேள்வியைக் கேட்டுச் சந்தோஷப்படுவார், உங்களுக்கும் பலமான ஆகாரம் கிடைக்கும். வெறும் கோஷமாக இருந்தால் அதுவும் இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும். அதுவரைக்கும் அந்தப் பகுதியை 5:11 தொடங்கி 10:25 வரை வீட்டிலேயே ஒரே மூச்சில், சத்தமாக வாசியுங்கள். அரை மணி நேரம் போல ஆகும்.

இரண்டாவது, அடுத்த முறை கத்தினால் (கத்துவீர்கள் என்றுதான் நினைக்கிறேன், நானும் அப்படித்தான்) மூன்று நாள் காத்திருக்காதீர்கள். குரல் இன்னும் கரகரவென்று இருக்கும்போதே, அங்கேயே நின்றபடி, 'கர்த்தாவே, கத்திவிட்டேன்' என்று சொல்லுங்கள். வேறு நல்ல வார்த்தை தேட வேண்டாம். அப்புறம் பிள்ளை இருக்கிற அறைக்குப் போய், அதன் உயரத்துக்குக் குனிந்து, 'நான் கத்தினது தப்பு, என்னை மன்னித்துக்கொள்' என்று சொல்லுங்கள். 'ஆனால் நீயும்தான்...' என்று அடுத்த வாக்கியம் நாக்கு நுனிவரை வரும். அதை விழுங்கிவிடுங்கள்.